அஞ்சலோட்டக்காரரின் நிதானம்

அன்று காலை அவர் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே மணிச் சத்தம் வந்துவிட்டது. ஆடி மாதம். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கேயிருந்து கிளம்பி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து போகும். கையில் அகப்பட்டதையெல்லாம் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். முறத்தில் உளுந்தை வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் முறம் மட்டும் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. அந்தக் காற்றுதான் அவருடைய கம்பில் கட்டியிருந்த மணிகளின் ஓசையை முன்கூட்டியே கொண்டுவந்து போட்டது.

நான் வேலியோரம் நின்று முருங்கைக் கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்கு எட்டு மாதம். மணி கேட்ட அதே நேரத்தில் இடுப்பைப் பிடித்து முறுக்கியது போல ஒரு வலி வந்தது. கீரையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வந்தார். காக்கிச் சட்டை, தலைப்பாகை, இடது தோளில் தபால் பை, வலது கையில் மணி கட்டிய கம்பு. என் வீட்டுக்காரர்தான்.

“நில்லுங்க! ஒரு நிமிசம் நில்லுங்க! எனக்கு வலி கண்டுபோச்சு!” என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. மணியும் நிற்கவில்லை. எங்கள் வேலியைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, கிழக்கே வளைவில் திரும்பிப் போயே போய்விட்டார்.

நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வலியால் பாதி, ஆத்திரத்தால் பாதி. இரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் வேகமாகச் செய்து நான் கண்ட ஒரே காரியம், என்னை விட்டுவிட்டுப் போனதுதான் என்று தோன்றியது.

ஓடுகிறவரும் ஓடாதவரும்

போன வாரம் என் கல்யாணக் கதையில் மாப்பிள்ளையை ஆமை என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “அஞ்சலோட்டக்காரர் என்கிறீர்கள், ஆமை என்கிறீர்கள். இரண்டில் எது உண்மை?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டும் உண்மை அம்மா, அதுதான் என் கஷ்டம்.

அன்று எங்கள் நாடு திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. கடிதங்களைச் சுமந்து ஊருக்கு ஊர் ஓடுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் ஒரு சாவடி வரை ஓடிப் பையைக் கொடுப்பார், அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓடுவார். மணிச் சத்தம் கேட்டால் வண்டிக்காரன் மாட்டை ஒதுக்குவான், மாப்பிள்ளை ஊர்வலமே வந்தாலும் விலகும். முப்பதுகளின் தொடக்கத்தில் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தன. ஆனாலும் எங்கள் சாலையில் ஓட்டக்காரரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் பெயர் மாசிலாமணி. காலையில் தோவாளையில் பையை வாங்கி ஆரல்வாய்மொழிக்கு ஓடுவார். பிற்பகலில் அங்கிருந்து வரும் பையோடு திரும்பி ஓடுவார். எங்கள் வீடு நடுவழியில் சாலையோரம் இருந்தது. ஆக ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீட்டு வாசலைத் தாண்டி ஓடுவார். பை தோளில் இருக்கும்வரை கால் நிற்கக்கூடாது என்பது அவர்களுக்குள் வேதவாக்கு. வீடு பற்றி எரிந்தாலும் பையைக் கொண்டுசேர்த்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கத் திரும்பி வருவார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

இது வெளியே. வீட்டுக்கு வந்துவிட்டால் மனிதரே வேறு.

பையை ஒப்படைத்துவிட்டு தோவாளையிலிருந்து நடந்து வருவார். அதை நடை என்று சொன்னால் நடை கோபித்துக்கொள்ளும். வந்ததும் உள்ளே நுழைய மாட்டார். கிணற்றடியில் வியர்வை ஆறும்வரை நிற்பார். பிறகு கால், கை, முகம் என்று ஒவ்வொன்றாகக் கழுவுவார். விரலுக்கு விரல், நகத்துக்கு நகம். பிறகு வேட்டி மாற்றுவார். நான் கொண்டுவந்து வைத்த கருப்பட்டிக் காப்பி அதற்குள் ஆறி, எறும்புகள் செய்தி அறிந்து வரிசையாக வந்துவிடும். எறும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குடிப்பார்.

ஏத்தன் வாழைப்பழம் தின்பதைப் பார்க்க வேண்டுமே! தோலை உரித்து, பழத்தில் ஒட்டியிருக்கும் நாரைக்கூட ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து, தோலிலேயே வரிசையாக வைத்துவிட்டு, அப்புறம் ஒரு கடி. அந்த நேரத்தில் நான் ஒரு குலையையே தின்று முடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முதல் மணி அடிக்கும்போதே நான் சேலை உடுத்து நிற்பேன். இரண்டாம் மணிக்கு அவர் சட்டைப் பொத்தானைத் தேட ஆரம்பிப்பார். “உங்க சாவுக்காவது நேரத்துக்குப் போவியளா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“ஓட வேண்டிய எடத்துல ஓடியாச்சு. ஓடுனது சர்க்காருக்கு. இது எனக்கு” என்றார். பிறகு அடுத்த பொத்தானைப் போட்டார்.

பூக்காரர் வீட்டுப் பெண்

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தோவாளையில் பிறந்தவள். அப்பாவுக்குக் குத்தகைக்கு எடுத்த பூந்தோட்டம் இருந்தது. பிச்சி மொட்டுக்கு யாருக்காகவும் காத்திருக்கத் தெரியாது. வெயில் ஏறுவதற்குள் பறித்து, கட்டி, வண்டி ஏற்றிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அது பூவாகிவிடும். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் குப்பையாகிவிடும். ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். தோட்டத்தில் என் கைக்கு ஈடு கிடையாது. ‘ஞானப்பூவுக்குப் பத்து விரலும் பத்து ஆளு’ என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனமும் ஏறிப்போயிற்று.

கை மட்டுமா? வாயும் அப்படித்தான். கோயிலில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது சபை பாதி வழியில் இருக்கும், நான் ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். போதகர் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தார்.

இப்படிப்பட்டவளை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? மாமியாரும் மகனுக்கு ஏற்ற அம்மைதான். ‘மாமி’ என்று கூப்பிடுவேன். நாள் முழுவதும் எங்களுக்குள் பழமொழிச் சண்டை நடக்கும்.

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி, மாமி.”

“பையத் தின்னா பனையும் திங்கலாம் மக்கா.”

“பனையத் தின்னு முடிக்கதுக்குள்ள பல்லு போயிரும்.”

மாமி சிரித்துவிடுவார். அந்த வீட்டில் யாரோடும் முழுச் சண்டை போடவே முடியாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

சேனை யார் வைப்பது?

வயிற்றில் பிள்ளை உண்டானதும் எனக்கு ஒரே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை அப்பாவைப் போல வந்துவிடக்கூடாது.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு துளி இனிப்புத் தொட்டு வைப்பார்கள். அதற்குச் சேனை என்று பெயர். சேனை வைத்தவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. வேதக்காரர்கள் நாங்கள் ஜெபம் செய்துவிட்டு வைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். குழந்தை அடம்பிடித்தால், “இதுக்கு ஆரு சேனை வச்சா?” என்று கேட்பது இன்றும் உண்டு.

நான் ஆறாம் மாதமே ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். என் அக்காளின் கணவர். கீரிப்பாறைக்கு மேலே மலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். அத்தான் பேசினால் பட்டாசு, நடந்தால் புயல். மலையிலிருந்து நாகர்கோவிலுக்கு சைக்கிளில் வந்து அன்றே திரும்பிய மனிதர்.

“முதப் பிள்ளைக்கு அப்பன் வீட்டு ஆளுதானே வைக்கணும்?” என்றார் மாமி.

“உங்க வீட்டு ஆளு வச்சா, பிள்ள நடக்கதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்” என்றேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு பனங்கிழங்கை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார். “அத்தானே வைக்கட்டும். நல்ல மனுசன்தானே” என்றார். ஒரு மனிதன் தனக்கு எதிரான தீர்மானத்தைக்கூட அத்தனை சாவகாசமாகவா ஆதரிப்பது!

எட்டாம் மாதத்துப் பிள்ளை

இனி அந்த ஆடிக் காலைக்கு வருகிறேன்.

மாமி வந்து என்னைத் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டுபோனார். நான் பாயில் சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வாசலில் மூச்சிரைக்க ஒரு குரல். ராகேலம்மா. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு வந்தவர். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அரை மைல் தூரத்தில் குடியிருந்தார். யாரும் போய்ச் சொல்லவில்லை, அதற்குள் எப்படி வந்தார்?

“உன் வீட்டுக்காரருதான்!” என்றார் ராகேலம்மா, கையைக் கழுவத் தண்ணீர் கேட்டபடியே. “ஓடிக்கிட்டே எங்க முற்றத்தப் பாத்துப் போட்டாரு பாரு ஒரு சத்தம். ‘ராகேலம்மா, ஞானப்பூவுக்கு வலி, சீக்கிரம் போங்க’ன்னு. தெருவு முச்சூடும் வெளிய வந்துட்டு. நான் எட்டிப் பாக்கும்போ அவரு முதுகுதான் தெரியுது.”

அவர் நின்று, பையை இறக்கி, எனக்குத் தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம் ஆளைத் தேடப் போயிருந்தால்? அந்த அரை மைலை அவரைவிட வேகமாக அன்று யாரும் கடந்திருக்க முடியாது. இது இப்போது எழுதும்போது புரிகிறது. அப்போது வலியில் கிடந்தவளுக்கு நியாயமா ஏறும்? நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம் மட்டும்தான் இருந்தது.

மத்தியானத்துக்கு முன் பிறந்துவிட்டாள். பெண். அழவில்லை, முனகினாள். என் முன்கை நீளம்கூட இல்லை. காது இரண்டும் நனைந்த பூவிதழ் போல மடங்கிக் கிடந்தன. ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாமி என் முகத்தைப் பார்க்காமல் பஞ்சு எடுக்கப் போனார். அவரும் அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிற்பகலில் மணிச் சத்தம் மேற்கே திரும்பிப் போயிற்று. மாமி வேலிக்கு ஓடிப்போய், “பெண்ணு! ரெண்டு பேரும் இருக்காவ!” என்று கத்தினார். மணி நிற்கவில்லை. தோவாளை வரை ஓடி, பையை ஒப்படைத்துவிட்டு வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி. இரண்டு வாளி. மூன்று வாளி. உலகத்தில் எந்தத் தகப்பனாவது இப்படிக் கால் நகத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பானா என்று பாயில் கிடந்து பல்லைக் கடித்தேன்.

ராகேலம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “பொறந்ததுலருந்து இந்தப் பிள்ளையப் பாக்க எத்தன பேரு புழுதிக் கையோட வந்தாவ, வாசல்லயே தடுத்து விரட்டிக்கிட்டு இருக்கேன். சொல்லாமலே கழுவிக்கிட்டு வாற ஆளு இவரு ஒருத்தருதான். இந்தக் கையிலதான் நான் பிள்ளையக் குடுப்பேன்.”

அப்படித்தான் கொடுத்தார். பஞ்சில் பொதிந்த பிள்ளையை அவர் மடியில் வைத்தார். பிள்ளைக்கு முலை குடிக்கத் தெம்பில்லை. பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, வெந்நீரில் கொதிக்கவைத்த துணியைத் திரியாகத் திரித்து, நனைத்து, உதட்டில் ஒரே ஒரு சொட்டு. அது இறங்கியது தெரிந்தபின் அடுத்த சொட்டு. தேனும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று ராகேலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“எத்தன சொட்டு?” என்று கேட்டேன்.

“பிள்ள போரும்னு சொல்லுத வரைக்கும். இருட்டினாலும் வெளுத்தாலும். கொறஞ்சது நாப்பது நாளு.”

மறுநாள் பஸ்ஸில் அத்தான் வந்தார். வந்த வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டார். கையில் தேன் குப்பி. பஞ்சுக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. “கொஞ்சம் தேறட்டும் ஞானப்பூ, அப்புறமா வைக்கலாம்” என்றார். போகிற பிள்ளைக்குச் சேனை வைத்த கை என்ற பெயர் யாருக்கு வேண்டும்? நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதே பஸ் ஆரல்வாய்மொழி போய்த் திரும்புவதற்குள் சாலையில் போய் நின்றுகொண்டார். நான் ஆசைப்பட்ட வேகம் அதுதான், கண்ணால் கண்டேன்.

அப்படியாக, என் மகளின் நாக்கில் முதல் சொட்டு வைத்தவர் அவள் அப்பாதான். நான் எவரைத் தவிர்க்க மாதக்கணக்கில் சண்டை போட்டேனோ, அவரே.

சங்கு

இதை எழுத எனக்கு இன்றும் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் ஓடப் போகுமுன் அவர் பால் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் கொடுப்பார். இடையில் நான். முதல் இரண்டு நாள் எப்படியோ சமாளித்தேன். ஒரு சங்கு அளவுப் பாலை இறக்க அரை மணிக்கு மேல் ஆகும். அது முடிந்து நிமிர்ந்தால் மறுபடி பசி நேரம். திரியை நனைத்து, காத்திருந்து, நனைத்து, காத்திருந்து... என் விரல்கள் என்னோடு சண்டை போட்டன.

மூன்றாம் நாள் காலை. சுவரில் மாட்டியிருந்த பாலாடைச் சங்கு கண்ணில் பட்டது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதில் குடித்துத்தானே வளர்ந்தன? கொஞ்சமாகத்தானே சரிக்கப் போகிறேன்? எடுத்தேன். சரித்தேன்.

பால் வழி தப்பிப் போய்விட்டது. பிள்ளை இருமவில்லை, இரும அதற்குத் தெம்பு ஏது? உதடு நீலமாயிற்று. பிறகு முகம். நான் கத்தினேன். மாமி அடுக்களையிலிருந்து வந்து, பிள்ளையைப் பறித்துத் தன் கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி முதுகில் தட்டினார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வாழ்நாளில் அதைவிட நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. மூக்கு வழியே பால் வந்தது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு முனகல்.

மாமி சங்கை எடுத்துப் பரண்மேல் வைத்தார். ராகேலம்மா வந்து பார்த்துவிட்டு, “இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா என்னயக் கூப்பிடாண்டாம், போதகரக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகலில் அவர் வந்தார். கிணற்றடியிலேயே மாமி சொல்லியிருக்க வேண்டும். அன்றும் அதே மூன்று வாளி. உள்ளே வந்து உட்கார்ந்து பிள்ளையை வாங்கினார், திரியை எடுத்தார்.

“நான் கொன்னிருப்பேன்” என்றேன்.

“கொல்லல்லியே.”

“எனக்குக் கை நிக்காது. பொறப்பே அப்பிடி. உங்களுக்கு நிக்குது. அது உங்க பொறப்பு.”

அவர் ஒரு சொட்டு வைத்தார். பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கியபிறகு பேசினார்.

“ஆரு சொன்னா? ஓட்டத்துக்குச் சேந்த புதுசுல எனக்கு வீட்டுலயும் காலு நிக்காது. சோத்துக்கு முன்னால இருந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். தின்னது தங்காது. படுத்தாலும் பாயில காலு ஓடும். எலும்பும் தோலுமா ஆயிட்டேன், அம்மைட்ட கேட்டுப் பாரு.” இன்னொரு சொட்டு. “ஓடதுக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல ஏட்டி. நிக்கதுக்குத்தான் பாடுபட்டுப் படிச்சேன். கால் நகத்தத் தேய்ச்சு, பழத்துல நார உரிச்சு... அப்பிடித்தான்.”

நான் அழவில்லை, ஆச்சரியமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக நான் சோம்பல் என்று ஏசியது சோம்பலே இல்லை. ஓட்டத்தால் தின்னப்படாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனிதர் கஷ்டப்பட்டுத் தேடிய மருந்து அது. அந்த வேகம் இருந்ததால்தான் இந்த நிதானம் தேவைப்பட்டது. இந்த நிதானம் இருந்ததால்தான் மறுநாள் மறுபடி ஓட முடிந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஆமை என்று பெயர் வைத்த நான் எப்பேர்ப்பட்ட புத்திசாலி!

அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். கல்யாணம் அதற்கு இரண்டு வருடம் முன்பே ஆகியிருந்தது.

ஒரு வரிக்கு ஒரு சொட்டு

அவர் வழி எனக்கு வராது. நகத்தைத் தேய்த்தால் எனக்கு நகம்தான் தேயும். நான் எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். சபையை முந்தி ஓடி முடித்த அதே பரமண்டல ஜெபத்தை எடுத்தேன். ஒரு வரிக்கு ஒரு சொட்டு. வரியைச் சொல்லி, சொட்டை வைத்து, பிள்ளை விழுங்கியபின் அடுத்த வரி. விழுங்காவிட்டால் அதே வரியில் நிற்க வேண்டும்.

அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் வரியில்தான் அவள் எப்போதும் நிறுத்துவாள். அந்த வரியைச் சொல்லிவிட்டு அவள் தொண்டையைப் பார்த்தபடி காத்திருப்பேன். ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? ஒரு ஜெபத்தை முடிக்க ஒரு காலைப்பொழுதே ஆகும் என்று எனக்கு யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பத்து நாளில் விரல்கள் அடங்கின. பதினைந்து நாளில் எனக்குச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. பனையோலையில் காற்று மோதுவது, கோழி சருகைக் கிளறுவது, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர் மடையில் விழுவது. எல்லாம் அங்கேயே இருந்தவைதான், நான்தான் இல்லாமல் இருந்திருக்கிறேன். ஒருநாள் பிள்ளை விழுங்கும் சத்தமே கேட்டது. ஒரு மிடறு. அதைவிட இனிமையான ஓசையை நான் எந்தக் கோயில் பாட்டிலும் கேட்டதில்லை.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் அந்தச் சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் எனக்கு மனம் குளிர்ந்து கிடந்தது. பூந்தோட்டத்தில் எத்தனை கூடை நிரப்பியும் அந்தக் குளிர்ச்சியை நான் கண்டதில்லை.

அத்தான் இடையில் ஒருமுறை வந்தார். மலையில் ரப்பர் மரத்தைக் கீறிவிட்டுச் சிரட்டை கட்டி வைப்பதையும், பால் சொட்டுச் சொட்டாக நிறைவதையும் பற்றிச் சொன்னார். “அவசரப்பட்டு ஆழமாக் கீறினா மரம் பட்டுப்போவும்” என்றார். இவ்வளவு தெரிந்த மனிதர் எதற்காகக் கதவில் இடித்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சேனையின் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் மகள் இன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பில் புயல். வீட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் கால் கழுவுவாள். ஏத்தன் பழத்தில் நார் உரிப்பாள். பார்த்துப் பார்த்து எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது, கண்ணும் நிறைகிறது.

வேலியோரம்

ஆவணி பாதி கடந்து, காற்று அடங்கிவிட்ட ஒரு காலை. பிள்ளையை வெளியே எடுக்கலாம் என்று ராகேலம்மா சொல்லியிருந்தார். இப்போது அவள் தானே முலை குடிக்கிறாள், அழுகிறாள், அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றேன். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

மணிச் சத்தம் வந்தது. காற்று இல்லாததால் மணியும் ஆளும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தார்கள். காக்கிச் சட்டை, தலைப்பாகை, தோளில் பை, கையில் கம்பு.

அவர் எங்களைப் பார்த்துவிட்டார். எங்கள் வேலி தொடங்கும் இடத்தில் கால் தளர்ந்தது. ஓட்டம் நடையாயிற்று. கம்பு அசையாததால் மணி ஒலிக்கவில்லை. பை தோளில் இருந்தது. வலி வந்து நான் கத்தியபோதுகூட நிற்காத மனிதர், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார். இன்னும் இரண்டு அடி வைத்தால் நின்றேவிடுவார்.

“என்னத்துக்கு நடக்கிய? ஓடுங்க!” என்று கத்தினேன். என்னாலேயே என் குரலை நம்பமுடியவில்லை. “ஆருக்கெல்லாமோ கடுதாசி கெடக்குல்லா! ஓடுங்க! நாங்க எங்க போவப் போறோம்? சாயந்திரம் பைய வந்தா போரும்!”

அவர் சிரித்தார். கம்பைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். மணிச் சத்தத்துக்குப் பிள்ளை தலையைத் திருப்பினாள். அவர் ஓடினார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். புளியமரத்தைத் தாண்டி, வளைவைத் தாண்டி, மணி சிறுத்துக்கொண்டே போயிற்று. தினமும் இரண்டு தடவை கேட்ட மணியை அன்றுதான் கடைசிவரை கேட்டேன். எங்கே ஓய்ந்தது, எங்கே என் காது தானாகக் கேட்டுக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லை.

உள்ளே கஞ்சி பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

“ஏட்டி ஞானப்பூ! கஞ்சி முழுக்க அடுப்புலயாக்கும்! ஓடி வா!” என்று மாமி கத்தினார்.

“பைய வாறேன், மாமி” என்றேன்.